செத்த மேகத்தின் காற்று

மலைமேல் நின்ற மேகம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் முழுக்க ஊதிப் பெருத்து, உறுமி, ஆளில்லாத பாறைகளின் மேல் கொட்டித் தீர்த்துவிட்டு, இப்போது பழந்துணி மாதிரி நைந்து தொங்கியது. டெல்ஃபீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுடையது அரிசோனாப் பாலைவனத்து வயல். வெள்ளம் வந்தால்தான் விதைப்பு. இரண்டு வருஷமாக வரவில்லை. அவர்கள் குடும்பத்து வெள்ளைப் பயறு வேறு யாரிடமும் இல்லை. இந்த ஆகஸ்டில் மண்ணில் விழாவிட்டால் விதை பழசாகி இனி முளைக்காது.

வறண்ட ஓடையின் குறுக்கே அவளும் தம்பி லாம்பர்ட்டும் கருவேலங் கழிகளை நட்டு, முள்ளைச் செருகித் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தை வயல்பக்கம் திருப்ப அது ஒன்றுதான் வழி. இன்னும் ஆறு முழம் பாக்கி இருக்கும்போதே லாம்பர்ட் சம்மட்டியைக் கீழே போட்டான்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சுக்கா. வா, வீட்டுக்குப் போய் தர்பூசணி தின்னலாம்."

"தர்பூசணி எங்கயும் ஓடிடாது. கழியப் பிடி."

"மழை பாறைக்கு, தூசி நமக்கு. வருஷா வருஷம் இதே பங்குதானே?"

தூசி வரத்தான் செய்தது. மலையடியில் பழுப்பாக ஒரு சுவர் எழுந்து, குன்றுகளின் மேல் புரண்டு வந்தது. லாம்பர்ட் கரையில் நின்ற வண்டிக்குள் ஓடிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அவளும் வழக்கமாக ஓடுகிறவள்தான். இன்று கோபத்தில் நின்றுவிட்டாள்.

கொதிக்கிற வெயிலில் சில்லென்று ஒரு காற்று கழுத்தைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தாள். செத்த மேகம் கக்கிய குளிர், தரையோடு தரையாக ஊர்ந்து, எதிர்ப்பட்ட சூட்டையெல்லாம் நெம்பி மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சுவரின் உச்சிக்கு நேர் மேலே, வெறும் நீலத்தில், வெள்ளையாக ஒன்று முளைத்தது. பார்க்கப் பார்க்கக் குமிழ்மேல் குமிழாக ஏறி, அடிவயிறு கறுத்தது. அதற்குக் கீழேதான் ஓடை பிறக்கிறது. அவள் வண்டியைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் லாம்பர்ட், செத்தது புள்ள பெத்திருக்குடா."

அவன் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தான். சம்மட்டியை எடுத்தான். தூசி மூடியது; கண்ணை இடுக்கிக்கொண்டே அடித்தார்கள். குன்றுகளில் இடி விழுந்தது. நாலு முழம். இரண்டு. கழி தீர்ந்துபோனபோது ஓடையின் வளைவுக்கு அப்பால் கூழாங்கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு முழம் இருக்கேடா."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று லாம்பர்ட் அந்தச் சந்தில் தன் பெரிய உடம்பைத் திணித்து உட்கார்ந்துகொண்டான். "என் சட்டைய மட்டும் விட்டுறாதக்கா."

நுரையும் சுள்ளியுமாக வெள்ளம் வந்து மோதியது. தடுப்பு முனகியது. அவன் மார்புவரை தண்ணீர் ஏறியது. அவள் இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்தபடி வயல்பக்கம் பார்த்தாள். கரையோரம் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர், போவதா வேண்டாமா என்று தயங்கி, வெடிப்பு விட்ட மண்ணுக்குள் முதல் அடி வைத்தது.