அட்டையில் இரண்டு பெயர்

பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டவர் மாதேஸ்வரன் சார். நன்றாகப் படிக்கிற ஒருவர், அரியர் வைத்திருக்கிற ஒருவர் என்பது அவர் வழக்கம். அப்படித்தான் சண்முகப்பிரியாவுக்கு அன்பரசு வந்து சேர்ந்தான்.

அன்பரசு மேச்சேரிக்காரன். ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். கல்லூரியில் எந்த விழா என்றாலும் மைக் பிடிப்பது அவன்தான். லேப் தேர்வில் புரோகிராமை அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவான். அதை மறைக்கவும் மாட்டான்.

சண்முகப்பிரியா வெண்ணந்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். முதல் வருடம் அவளும் மனப்பாடம்தான். இரண்டாம் வருடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் ஒருநாள் லிங்க்டு லிஸ்ட் புரிந்தது. ஒவ்வொரு தகவலும் தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும், முழு வரிசையும் கலையாமல் நிற்கும். இது பிடிபட்டதும் சாப்பாட்டு மணி அடித்ததுகூடத் தெரியாமல் லேபிலேயே உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் மனப்பாடம் செய்யவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் சேலத்தில் புராஜெக்டை ரெடிமேடாக வாங்கினார்கள். அன்பரசும் அதைத்தான் சொன்னான்.

"எதுக்கு பிரியா சிரமம்? சேலத்துல சொன்னா ஒரே வாரத்துல குடுத்துருவாங்க."

"வேண்டாம். நானே எழுதறேன். நீ ரிப்போர்ட்ட டைப் பண்ணி, பைண்டிங் போட்டுட்டு வந்துரு."

அவளுடைய அப்பா கந்தப்பன் முட்டை வேன் ஓட்டுபவர். பண்ணை பண்ணையாகப் போய் முட்டை ஏற்றி நாமக்கல் குடோனில் இறக்க வேண்டும். போன ரோட்டிலேயே மறுபடி போவதும் சுற்றிக்கொண்டு வருவதுமாக டீசல் வீணாகும். பண்ணைகளையும் இடையிலுள்ள ரோடுகளையும் டேட்டாபேஸில் ஏற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறைந்த தூரத்தில் போகும் வழியைச் சொல்லும் புரோகிராமை அவள் எழுதினாள். சாப்பிட்டுக்கொண்டே அப்பா ரோடுகளைச் சொல்வார்.

"அந்த ஏரிக்கரை ரோட்டுல மழை பேஞ்சா வண்டி போவாது சாமி. அதையும் சேத்துக்க."

மழைக்கு ஆகாத ரோடுகளையும் சேர்த்தாள். புரோகிராம் சொன்ன ஒரு வழியில் அப்பா வேனை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சரியாத்தான் சொல்லுது" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவளுக்கு அது போதும்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அன்பரசுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. குறைந்த தூர வழியைக் கண்டுபிடிக்கிற டைக்ஸ்ட்ரா முறையைப் புத்தகத்தில் இருந்தபடி சொன்னால் அவனுக்கு ஏறவில்லை.

"நீ வெண்ணந்தூர்ல இருந்து சேலம் போவணும்னு வச்சுக்க. ஒரு பஸ்ஸு சுத்திப் போவுது. நடுவுல எறங்கி வேற பஸ்ஸு மாறுனா தூரம் கம்மி. ஒவ்வொரு ஊருக்கும் வந்ததும், இதுவரைக்கும் வந்த தூரத்துல எது கம்மியோ அத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத விட்ரு. அவ்வளவுதான் டைக்ஸ்ட்ரா."

அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். அதையே இங்கிலீஷில் நாலு தடவை சொல்லிப் பார்த்தான். வைவாவில் நன்றாகவும் சொன்னான். இருவருக்கும் ஒரே மார்க். அன்று அவளுக்கு அவனைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வந்தது. பெயர் வரிசைப்படி கூப்பிட்டார்கள். அன்பரசு காலையிலேயே போய் வந்துவிட்டான். சண்முகப்பிரியாவைக் கூப்பிடும்போது மதியம் தாண்டிவிட்டது.

உள்ளே ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும் இருந்தார்கள். புராஜெக்டைப் பற்றிக் கேட்டார்கள். தொடங்கியதுமே அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது அன்பரசு பண்ணுன புராஜெக்ட்தானே? நீங்க அவருக்கு ரிப்போர்ட் டைப் பண்ணிக் குடுத்தீங்கன்னு சொன்னாரு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லீங்க மேடம். கோடிங் பூரா நான் எழுதுனதுங்க. எந்த வரிய வேணும்னாலும் கேளுங்க."

"அப்ப டைக்ஸ்ட்ரா சொல்லுங்க" என்றார் இளைஞர். "இங்கிலீஷ்ல."

இங்கிலீஷில் தடுமாறிக்கொண்டே, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னாள். வெண்ணந்தூர், சேலம், நடுவில் பஸ் மாறுவது. இளைஞர் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"காலைல அவரும் இதே பஸ்ஸைத்தான் சொன்னாரு. உதாரணத்தையாவது மாத்தியிருக்கலாமில்ல?"

அவள் லேப்டாப்பைத் திறக்கப் போனாள். "பரவாயில்லம்மா" என்றார் அந்த அம்மா. குரலில் கனிவு இருந்தது. "கூட வேலை பார்த்தவரைப் பத்தி இப்படிப் பேசக்கூடாது. வேலைக்குப் போற இடத்துல இது ரொம்ப முக்கியம்."

சாயங்காலம் போர்டில் ஒட்டிய பட்டியலில் அன்பரசு பெயர் இருந்தது. கேண்டீனுக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான். "நீ என்ன பண்ணுனேன்னு கேட்டாங்க. டைப் அடிச்சேன்னு சொன்னா என்னை எதுக்கு எடுப்பாங்க?"

"அதுக்கு என்னை எதுக்கு டைப் அடிச்சவ ஆக்குன?"

"ரெண்டு பேருல ஒருத்தரு அதப் பண்ணியிருக்கணுமில்ல. உனக்கு எல்லாம் தெரியும், நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ. எனக்கு இத உட்டா ஆடு மேய்க்கத்தான். ரிப்போர்ட் அட்டையில ரெண்டு பேரு பேரும்தானே இருக்குது."

மாதேஸ்வரன் சாரிடம் போனாள். யார் எழுதியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாரா வாரம் கூட உட்கார்ந்து பார்த்தவர்.

"நான் போயிச் சொன்னா உன்னை எடுக்கப் போறதில்ல, அவனையும் வேண்டாம்பாங்க. அடுத்த வருசம் காலேஜுக்கே வர மாட்டாங்க" என்றார். "உட்ரு பிரியா."

ஒரு வாரத்தில் கல்லூரி வாசலில் அன்பரசின் படத்தோடு பேனர் எழுந்தது. பஸ்ஸுக்கு அவள் அதன் கீழேதான் நிற்க வேண்டும்.

இங்கிலீஷ் சரியில்லை என்று இன்னும் இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் வண்டி ஆபீசில் வேலை கிடைத்தது. எந்த வண்டி எந்த ஊரில் போர் போடுகிறது, எவ்வளவு அடி, எவ்வளவு டீசல் என்று எக்செல்லில் ஏற்ற வேண்டும். மூன்று வருடம் படித்ததில் அங்கே எதுவும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை என்று பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டால் மட்டும் கூப்பிடுவார்கள்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அன்பரசு போன் செய்தான்.

"வெக்கத்த உட்டுக் கேக்கறேன் பிரியா. ஒரு எர்ரர் வருது. ரெண்டு நாளா உக்காந்திருக்கேன்."

வைத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் வாய், "என்ன எர்ரர்?" என்று கேட்டுவிட்டது. அவன் சொல்லச் சொல்ல எந்த டேட்டாபேஸ் டேபிளில் என்ன இருக்கிறது என்று இவள் கேட்க, டிபன் பாக்ஸ் திறக்காமலே இருக்க, தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாள். சாயங்காலம் வரை மனசு லேசாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது எதனால் என்று உறைத்தது. அவன்மேல் இருந்ததைவிடத் தன்மேல் அதிகம் வெறுப்பு வந்தது.

ஆனாலும் அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்தாள். அவளிடம் இதையெல்லாம் கேட்கிற ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

தை மாதம் அவனுக்கு வேலை நிரந்தரமானது.

"டீம் லீடர் ரொம்பப் பாராட்டுனாரு பிரியா."

"எம் பேரச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? வெளியாளுகிட்ட கம்பெனி கோடிங்கக் காட்டுனேன்னு தெரிஞ்சா வேலையே போயிரும்."

அவள் போனை வைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். 'அவசரம்' என்று போட்டிருந்தான். பார்த்தாள், பதில் போடவில்லை. மதியம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீசல் கணக்கை ஏற்றினாள்.

ஆபீசை விட்டு இறங்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. தேதியை எழுத்தாகச் சேமித்துவிட்டு எண்ணாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பஸ்ஸில் வரும்போது அதைவிட நல்ல வழி ஒன்றும் தோன்றியது. அதையும் முழுதாக மனதுக்குள் எழுதி முடித்தாள். அவனுக்கு அனுப்பவில்லை; சொல்ல வேறு ஆளும் இல்லை.

அப்பா வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.