மூச்சு எடுக்கும் இடம்

கை வலிக்க மணியடித்தும் அப்பா கதவைத் திறக்கவில்லை. என்னிடமிருந்த சாவியைப் போட்டு உள்ளே போனால், மனிதர் ஜன்னலோர நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

“வந்தா ஒரு குரல் குடுக்க மாட்டியா?” என்று என்மேலேயே பாய்ந்தார்.

வாழ்நாளெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். காதை அடைத்தால் டூல் மழுங்குவது எப்படித் தெரியும் என்பாராம். இப்போது அவர் டிவி போட்டால் தெருமுனை வரை கேட்கிறது. சொன்னால், டிவிக்கு வயதாகிவிட்டது என்கிறார்.

நான் வந்தது ஒரு பஞ்சாயத்துக்காக. எங்கள் குடும்பத்தில் பாட்டுக் கேட்க இரண்டு ஆப். ஒன்று மலிவானது, நானும் கணவரும் பிள்ளைகளும் ஒரே சந்தாவில் கேட்கிறோம், அதிலேயே அப்பாவுக்கும் ஓர் இடம் சும்மா கிடக்கிறது. மற்றது அப்பாவுக்காக மட்டும் வாங்கியது. ஒலியைச் சுருக்காமல், ஸ்டுடியோவில் பதிந்ததைப் பதிந்தபடி தருகிறதாம். விலையும் அதற்கேற்ற விலை. அதன் சந்தா இன்றோடு முடிகிறது. இரண்டுக்கும் எதற்குத் தண்டம் அழ வேண்டும் என்பது என் கட்சி. முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நிற்பது அப்பாவின் கட்சி.

இத்தனைக்கும் அவர் அதில் கேட்பது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டிலும் ஒரே ஓர் இடம்.

அம்மா கோரஸ் பாடியவள். பெயரெல்லாம் எங்கும் வராது. நான்கு பெண்கள் ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாடுவார்கள். நான்கும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும்; யாருடையது எது என்று தெரிந்தால் அது தப்பு. அம்மா அந்த வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாள். அவள் போன பிறகு எந்தப் பாட்டிலும் அவளைத் தனியாகத் தேடி எடுக்க முடியவில்லை, இந்த ஒன்றைத் தவிர. இதைப் பாடியபோது நான் நிறைமாதமாக அவள் வயிற்றில் இருந்தேன். இரண்டாவது அடி முடிந்ததும் மற்ற மூவரும் சத்தம் காட்டாமல் மூச்சு எடுத்துக்கொண்டார்கள். அம்மாவால் முடியவில்லை. அவள் இழுத்த மூச்சு பதிவிலேயே விழுந்துவிட்டது. அந்த இடம் வந்தால் அப்பா ஆள்காட்டி விரலைத் தூக்குவார். பல முறை ஹெட்போனை என் தலையில் மாட்டப் பார்த்திருக்கிறார். “அப்புறம் கேக்கறேன்பா” என்று நழுவிவிடுவேன். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

“சரிப்பா, ஒரு போட்டி வச்சுப்போம். ரெண்டு ஆப்லயும் அந்தப் பாட்டைப் போடறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். எதுல அம்மா நல்லா கேக்கறாளோ அதையே வச்சுக்கலாம்.”

“பேச்சு மாறக் கூடாது” என்றார், பந்தயம் கட்டுகிறவர் போல.

போனைத் திருப்பிவைத்துக்கொண்டு முதலில் விலை கூடியதைப் போட்டேன். விரல் எழுந்தது. பிறகு மலிவானது. விரல் அதே இடத்தில் எழுந்தது. இந்த முறை கண்ணும் கலங்கிவிட்டது.

“ரெண்டாவதுதான். பக்கத்துல நின்னு மூச்சு விடற மாதிரியே இருக்கு. உன்னோட ஆப் தோத்துப்போச்சு, போ!”

‘நல்லா மாட்டினீங்களா’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதற்கும் ஒரு முறை கேட்டுவிடுவோம் என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். அவர் சொன்ன இரண்டாவதைத்தான் போட்டேன். பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘புதுப்பிக்கப்பட்ட பதிப்பு’ என்றிருந்தது. பழைய இரைச்சல் துளியும் இல்லை. இரண்டாவது அடி முடிந்தது, மூன்றாவது தொடங்கியது. நடுவில் ஒன்றுமே இல்லை. கவனிக்கத் தவறிவிட்டேனோ என்று மறுபடியும் கேட்டேன். துடைத்துவிட்ட தரை மாதிரி சுத்தமாக இருந்தது. இரைச்சலை எடுத்தவர்கள் மூச்சையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள்.

முதலில் போட்ட விலை கூடிய ஆப்புக்கு மாற்றினேன். மெல்லிய இரைச்சலோடு பாட்டு வந்தது. இரண்டாவது அடி முடிந்ததும் என் காதருகே யாரோ அவசர அவசரமாக ஒரு மூச்சை இழுத்தார்கள், என்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டு. அது அம்மா. மாடிப்படி ஏறி வந்து வாசலில் பையை வைக்கும்போது அவள் அப்படித்தான் இழுப்பாள்.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு காலமாக அவருக்கு அங்கே ஒன்றும் இல்லையோ.

“என்ன, ரெண்டாவதுதானே நம்ம ஆப்?”

“ஆமாப்பா. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

அவர் பார்க்கவே விலை கூடிய சந்தாவை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்தேன். அந்த மூச்சைக் கேட்க இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஜெயித்த மனிதர் துள்ளியிருக்க வேண்டும். அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உனக்குக் கேட்டுச்சா?” குரல் தணிந்திருந்தது.

“கேட்டுதுப்பா.”

“நல்லா கேட்டுச்சா?”

“நல்லா கேட்டுது.”

ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்தார், மறுபக்கத்தைத் தன் காதில். தலையோடு தலை முட்டியது. “இன்னொரு தடவை போடு.”

அம்மா இருக்கும் பாட்டைப் போட்டேன். முதல் அடி போனது. இரண்டாவது அடி முடியப்போகும் நேரத்தில் அப்பா கண்ணை மூடவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மூச்சை இழுத்தாள். நான் விரலைத் தூக்கினேன். அதற்குப் பிறகுதான் அப்பாவின் விரல் எழுந்தது.