பிரம்பு நாற்காலி எக்சேஞ்ச்

டெலிபோன் பலகையின் முன்னால் உட்காருகிறவருக்கு வலது கை எழுதுவதற்கு. இடது கை மற்ற எல்லாவற்றுக்கும். யோகலட்சுமி இதை 1943-இல், ஜப்பானியர் பிடித்திருந்த பினாங்கில், தன் அப்பாவின் பிரம்பு நாற்காலியை வைத்துக் கற்றுக்கொண்டாள்.

நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தரையில் படுக்க வைத்தால், பிரம்பு பின்னிய இருக்கை சுவர்போல நேராக நிற்கும். முதுகு சாயும் பகுதி அதன் முன்னால் மேசைபோலத் தட்டையாகக் கிடக்கும். உண்மையான டெலிபோன் பலகையும் இதே அமைப்புதான். நிற்கிற பகுதியில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு வீடு அல்லது அலுவலகம். கிடக்கிற பகுதியில் சோடி சோடியாகக் கயிறுகள். அவற்றுக்கு முன்னால், சோடிக்கு ஒன்றாகச் சின்ன விசைகள். பிரம்புப் பின்னலில் துளைக்குப் பஞ்சமில்லை. கயிற்றுக்குப் பாவாடை நாடா, பிளக்குக்கு இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி. விசைக்குப் பதிலாகச் சோழிகளை வைத்துக்கொண்டார்கள்.

குச்சிகளைக் கொண்டுவந்தவள் பள்ளித் தோழி ஆயிஷா. சூலியா தெருவில் அவள் அத்தா ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். இறைச்சி கிடைக்காமல் போனதும் கடையில் மிஞ்சியவை குச்சிகள்தான்.

"நம்பர் பன்னெண்டுல தகடு விழுந்திருச்சு. சும்மா பாத்துக்கிட்டு இருக்காத லா!" என்பாள் ஆயிஷா.

தகடு என்பது ஒவ்வொரு துளைக்கும் மேலே இருக்கும் சிறு மூடி. பேச விரும்புகிறவர் தன் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால், அந்த மின்சாரம் வந்து மூடியின் கொக்கியை விடுவிக்கும். மூடி டக்கென்று விழும். உடனே ஒரு கயிற்றை அந்தத் துளையில் செருகி, அதன் விசையைத் தன் பக்கம் இழுத்து, யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். பிறகு அதே சோடியின் மற்றக் கயிற்றை அவர் கேட்ட துளையில் செருகி, மணி அடித்து, விசையை நடுவில் விட்டுவிட வேண்டும். இப்போது அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். நடுவில் இருப்பவருக்குக் கேட்காது. வெளியூர் அழைப்பென்றால், யார், எந்த ஊர், எப்போது என்று ஒரு சீட்டில் எழுதவும் வேண்டும். எழுதும்போதே அடுத்த தகடு விழும். அதனால்தான் பென்சிலைக் கீழே வைக்கக் கூடாது என்பது விதி. பென்சிலை வைத்து எடுக்கிறவள் எப்போதும் ஒரு அழைப்புப் பின்தங்கியே இருப்பாள்.

யோகலட்சுமி பென்சிலை வைத்து எடுக்கிறவளாக இருந்தாள். அவள் வீட்டில் எதையும் இடது கையால் கொடுப்பதோ வாங்குவதோ கிடையாது. கோயிலில் திருநீறு, கடையில் சாமான், பள்ளியில் பரிசு எல்லாம் வலது கைதான். பழக்கம் அதோடு நிற்கவில்லை. கதவு திறக்கவும் விளக்குப் போடவும்கூட வலது கைதான் முந்திக்கொண்டு போனது.

ஆயிஷாவின் கதை வேறு. அவளுக்குப் பிறப்பிலேயே இடது கைப் பழக்கம். சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தார்கள், மற்றதெல்லாம் இடதுதான். "எங்க உம்மா குடுத்த அடி எல்லாம் இப்பதான் லாபமா வருது" என்று இடது கையாலேயே குச்சியைச் செருகுவாள்.

போருக்கு முன்னால் இருவரும் ஒரே வகுப்பு. ஜூனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் இரண்டு தாள் எழுதியிருந்தார்கள். மூன்றாவது தாளுக்கு முன் நகரத்தில் குண்டு விழுந்தது. எழுதிய தாள்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் வகுப்பாசிரியை கமலாம்பிகை எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார். பெண்களுக்கு அவர் சொன்ன எதிர்காலங்கள் ஆசிரியை, நர்ஸ், கல்யாணம். இப்போது அதே கமலாம்பிகை, ஜப்பானியர் ஆசிரியரை அழைக்கும் 'சென்செய்' ஆகி, அதே அறையில் ஜப்பானியரின் கதகானா எழுத்துக் கற்பித்தார். வெள்ளிக்கிழமைப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் டெலிபோன் பலகைக்கு ஒரு பெண் தேவை, தேர்வு வைத்து எடுப்பார்கள் என்று அந்த வேளையில்தான் சொன்னார்.

இருவரும் அன்றே பெயர் கொடுத்தார்கள். யோகலட்சுமியின் காரணம் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருந்தது.

அங்கே அரிசிக் கிடங்கில் கணக்குப் பார்க்கும் ஐயாத்துரை மனைவியை இழந்தவர், வயது நாற்பது. யோகலட்சுமியைப் பெண் கேட்டிருந்தார். கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. யோகலட்சுமியின் அப்பா, யாழ்ப்பாணத்தவரான விநாசித்தம்பி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து, இப்போது கொல்லையில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். ஜப்பானியச் சிப்பாய்களை நினைத்து, கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம். ஊரில் பல தகப்பன்மார் கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்க வேலை கிடைத்தால் கதை மாறும்: அலுவலகம் தரும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பயமில்லாமல் தெருவில் நடக்கலாம், பங்கீட்டு அரிசியும் வரும்.

"சோதினை பாஸ் பண்ணினால் நான் ஐயாத்துரைக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போடுறன்" என்றார் விநாசித்தம்பி. "இல்லையெண்டால் அடுத்த முகூர்த்தம். பிறகு என்னோட சண்டை பிடிக்கக் கூடாது."

"சரி, அப்பா."

"அது வரைக்கும் நான் எங்க இருக்கிறது? கதிரையை மல்லாக்கப் போட்டு வைச்சிருக்கிறியள்."

"பாய் இருக்குதானே, அப்பா."

அவர் பாயில் உட்கார்ந்தார்.

இடது கையைப் பழக்குவதற்கு ஆயிஷா ஒரு வழி கண்டுபிடித்தாள். யோகலட்சுமியின் வலது கையில் பென்சிலைக் கொடுத்து, விரல்களோடு சேர்த்து ரிப்பனால் கட்டிவிட்டாள். வலது கை எழுத மட்டும்தான் முடியும். முதலில் குச்சி தவறான துளைக்குப் போனது. பிறகு சரியான துளைக்கு மெதுவாகப் போனது. கொஞ்ச நாளில், கண் பார்க்கும் முன்பே கை போய்விட்டது. ரிப்பனை அவிழ்த்த பிறகும் பென்சில் விரலைவிட்டு இறங்கவில்லை.

தேர்வு நாளில் அலுவலக வாசலில் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு உள்ளே போனார்கள். உண்மையான பலகை நாற்காலியைவிடப் பெரியது. கரிய மரத்தில் பித்தளைத் துளைகள். தமிழும் ஜப்பானிய மொழியும் தெரிந்த மூத்த ஆப்பரேட்டர் நோர்மா மொழிபெயர்ப்புக்காகப் பின்னால் நின்றாள். அடுத்த அறையில் சில ஆப்பரேட்டர்கள் டெலிபோன்களோடு உட்கார்ந்து, பேசுகிறவர்களாக நடித்தார்கள். ஒருவர் தைப்பிங் அரிசி ஆலை, ஒருவர் தீயணைப்பு நிலையம், ஒருவர் பெரிய அதிகாரியின் வீடு.

ஆயிஷா முதலில் உட்கார்ந்து, முடித்து, எழுந்து வந்தாள். "சும்மா பிரம்பு நாற்காலிதான்" என்று காதில் சொன்னாள்.

யோகலட்சுமி உட்கார்ந்தாள். தகடு விழுந்தது, இடது கை போனது. வலது கை சீட்டு எழுதியது. இரண்டு தகடுகள் ஒன்றாக விழுந்தபோதும் பென்சில் கீழே இறங்கவில்லை. எல்லாக் கயிறுகளும் ஓடிக்கொண்டிருந்தபோது, அவளுடைய இடது பக்கத்தில் நின்றிருந்த ஜப்பானிய அதிகாரி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அடுத்து இணைக்க வேண்டிய நம்பர் அதில் இருந்தது. அவளுடைய இடது கை காலியாக இருந்தது. சீட்டு அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

பயிற்சி முழுக்க அவள் இடது கை துளைகளோடு பழகியிருந்தது. ஆட்களோடு பழகவே இல்லை. நீட்டியவர் பெரியவர். யோகலட்சுமி பென்சிலைப் போட்டுவிட்டு, உடம்பைத் திருப்பி, வலது கையைப் பலகைக்குக் குறுக்கே நீட்டிச் சீட்டை மரியாதையாக வாங்கினாள்.

பலகைக்குக் குறுக்கே என்றால், விசைகளுக்கு மேலாக. அவளுடைய முழங்கை போகிற வழியில் இருந்த விசைகளையெல்லாம் அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு போனது. ஒரு விசையைச் சாய்த்தால் அந்தச் சோடியில் பேசுகிறவர்கள் ஆப்பரேட்டரின் காதோடு இணைவார்கள். பல விசைகளைச் சாய்த்தால் எல்லாரும் அதே காதோடு இணைவார்கள். அதன் வழியாக ஒருவரோடு ஒருவரும் இணைந்துவிடுவார்கள். தைப்பிங் அரிசி ஆலையும் தீயணைப்பு நிலையமும் அதிகாரியின் வீடும் ஒரே நேரத்தில் "மோஷி மோஷி" என்று ஜப்பானிய ஹலோ கூறின. அடுத்த அறையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவள் விசைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். அதற்குள் இரண்டு அழைப்புகள் அறுந்துவிட்டன.

"ரொம்ப நல்லா செஞ்சே, தங்கச்சி" என்றாள் நோர்மா வாசல்வரை வந்து. "ஆனா கடைசியில அப்படி ஏன் கையக் கொண்டு போனே?"

யோகலட்சுமி காரணத்தைச் சொன்னாள்.

"அடடா! எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா போர்டுக்கு முன்னால மரியாதை கிடையாது. மழைக்கு முன்னால இன்னொரு ஆள் எடுப்பாங்க. அப்ப வா."

வேலை ஆயிஷாவுக்குக் கிடைத்தது. அவள் கைப்பட்டையோடு வந்து நின்றாள். நாற்காலியின் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டினாள். விநாசித்தம்பி நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். மழைக்கு முன்னால் இன்னொரு தேர்வு உண்டு என்று மகள் சொன்னதற்கு, "முகூர்த்தம் அதுக்கு முன்னம் வருது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயாத்துரை தன் அக்காவோடு பெண் பார்க்க வந்தார். அக்கரையிலிருந்து பெர்ரிப் படகில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். யோகலட்சுமி தட்டில் காப்பி கொண்டுவந்தாள். சீனி கிடையாது, காப்பியும் பாதி வறுத்த சோளம். வலது கையில் தட்டு இருந்தது. ஐயாத்துரை கையை நீட்டினார். அவளுடைய இடது கை போய்க் குவளையை எடுத்து அவர் முன்னால் நீட்டியது.

அதைச் செய்தது பழக்கம். பொருள் வலது கையில் இருந்தால் மற்ற வேலை இடது கைக்கு என்று ரிப்பன் கட்டிப் படித்த பாடம், தேர்வில் வராதது, இப்போது தானாக வந்தது. யோகலட்சுமி அதைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துக் கை மாற்றவும் நேரம் இருந்தது. அவள் மாற்றவில்லை.

நீட்டிய குவளை அப்படியே நின்றது. ஐயாத்துரை தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைக்கு இடக்கைப் பழக்கமோ?" என்றார் அவருடைய அக்கா.

"இல்லை, இல்லை" என்றார் விநாசித்தம்பி. "பிள்ளை, கையை மாத்து."

"ஓம், பழக்கம்தான்" என்றாள் யோகலட்சுமி. "கஷ்டப்பட்டுப் பழகினது. இனி மாறாது."

"நாளைக்குச் சாமிக்கும் இந்தக் கையாலதான் பூப் போடுவாவோ?"

யோகலட்சுமி குவளையை நீட்டியபடியே நின்றாள். ஐயாத்துரை அதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பெர்ரிக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அப்போது பிற்பகல்தான்.

அவர்கள் போன பிறகு விநாசித்தம்பி உரக்கக் கத்தினார். விசர், பைத்தியம் என்றார், மானம் போனது என்றார், இனி இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தார் எவரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்றார். கடைசியில் சொன்னதை அவரே ஒருமுறை யோசித்துப் பார்த்ததுபோல நின்றார். பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

"அந்த மற்றச் சோதினை எப்ப எண்டு சொன்னாய்?"

"மழைக்கு முன்னால, அப்பா."

அவர் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

மாலையில் ஆயிஷா வேலை முடிந்து வந்தாள். குச்சிக் கட்டை அவிழ்த்தாள், ரிப்பனை எடுக்கவில்லை. யோகலட்சுமியின் இடது பக்கமாகப் போய் நிமிர்ந்து நின்று, ஒரு பழைய சீட்டை நீட்டினாள்.

"இந்தா, பிடி. பென்சில விடாத."

யோகலட்சுமியின் வலது தோள் அசைந்தது.

"ம்ஹூம். இடது கை. நான் உன் மாமியார்னு நெனச்சுக்க லா."

யோகலட்சுமி இடது கையால் சீட்டை வாங்கினாள்.

"சரி. இப்ப மாமனார்" என்று ஆயிஷா அடுத்ததை நீட்டினாள்.