எந்தத் தலைப்புக்கும் ஒரே கட்டுரை

துணி அலசும் அறையில் வெந்நீர் வராது. டிசம்பர் மாதத்துச் சாங்ஷா நகரத்தில் அந்தக் குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிஷம் கை வைத்தால், விரல்கள் யாருடையவோ போல ஆகிவிடும். வென்னிங் பல்லைக் கடித்துக்கொண்டு காலுறைகளை அலசிக்கொண்டிருந்தாள். அடுத்த குழாயடியில் அவளுடைய அறைத்தோழி தாவ்தாவ், வாயோரம் பற்பசை நுரையோடு, கண்ணாடியில் ஒட்டிய ஒரு தாளைப் பார்த்து உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லூரி மாணவர்களுக்கான நாலாம் நிலை ஆங்கிலத் தேர்வுக்கு இன்னும் நான்கு நாள். விடுதி முழுக்க இதே சத்தம்தான். படிக்கட்டில் ஒருத்தி, கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி. அதனால் வென்னிங் முதலில் காது கொடுக்கவில்லை.

"ஒன்பது வயதில் ஒருநாள், பேருந்து நிலையத்தில் என் அம்மாவைக் கண்டு நான் ஒளிந்துகொண்டேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் தாவ்தாவ். துப்பினாள். மறுபடி சொன்னாள். "அவள் கையில் ஒரு சிவப்பு ஜாக்கெட் இருந்தது. அது எனக்கு இரண்டு அளவு சிறியதாக இருந்தது."

வென்னிங்கின் கையிலிருந்து காலுறை நழுவித் தொட்டியின் துளையை அடைத்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

"அது எங்க கிடைச்சுது உனக்கு?"

"இந்த அம்மா கட்டுரையா? நேத்தே கைபேசியில வகுப்புக் குழுவுல வந்துச்சே. உன் ஆளுதான் போட்டான். எந்தத் தலைப்பு வந்தாலும் இதையே வளைச்சு எழுதிடலாமாம். நர்சிங்காரிங்க, மருந்தியல்காரிங்க எல்லாரும் இதைத்தான் உருப்போடறாங்க." தாவ்தாவ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கே தெரியாதா? உனக்கு முதல்லயே குடுத்திருப்பான்னு நினைச்சேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு பெங் உள்ளே வந்தாள். அறையில் நால்வரில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பெரியக்கா; வயதில் மூன்றாவதான வென்னிங் 'மூணாமவள்'. "எனக்குக் கடைசிப் பத்திதான் மண்டையில நிக்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கிட்டு அழுவா பாரு, அந்த இடம். படிக்கிறப்ப எனக்கே அழுகை வந்துருது, வார்த்தை மறந்துருது."

"எனக்கு அந்த ஜாக்கெட்டுதான் சிரிப்பு, பெரியக்கா. பெத்தவளுக்குப் பொண்ணோட அளவு தெரியாதா? என்ன அம்மாவோ."

"கட்டுரைக்குன்னு கட்டி விட்டதுடி. நெசமாவா நடக்கும்? மூணாமவளே, குழாயை மூடு. தண்ணி வழியுது பார்."

வென்னிங் குழாயை மூடினாள்.

நடந்தது நிஜம்தான். அவளுக்கு மூன்று வயதில் அம்மா தெற்கே தொங்குவான் நகரத்துக்குக் காலணித் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். சீனப் புத்தாண்டுக்கு ஒருமுறை வருவாள். நடுவில் இரண்டு வருஷம் ரயில் சீட்டு கிடைக்கவில்லை என்று வரவில்லை. ஒன்பதாவது வயதில், கோடுபோட்ட பெரிய பையோடு பேருந்திலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் வென்னிங் அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டது. அம்மா வாங்கி வந்தது அவள் கடைசியாகப் பார்த்த ஏழு வயதுக் குழந்தைக்கு. பதினோரு நாள் அம்மா வீட்டில் இருந்தாள். ஒருமுறைகூட வென்னிங் அவளை 'அம்மா' என்று கூப்பிடவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காதலன் லீச்சுவானிடம் மட்டும் சொன்னாள். அதுவும் இந்தத் தேர்வால்தான்.

இரண்டு முறை எழுதியாயிற்று. முதல் முறை நானூற்று ஒன்பது, அடுத்த முறை நானூற்றுப் பதினேழு. வேண்டியது நானூற்று இருபத்தைந்து. கேட்டல் பகுதியில் அவள் எப்போதும் தடுமாறுவாள். ஹெட்போனில் ஒரு வாக்கியத்தைப் பிடிப்பதற்குள் மூன்று ஓடிவிடும். அதை ஈடுகட்டக் கட்டுரையில்தான் மதிப்பெண் தேடவேண்டும். போன வருஷம் முதுகு போய், பதினேழு வருஷத்துக்குப் பிறகு அம்மா ஊரோடு வந்து சேர்ந்திருந்தாள். அந்த ஊர் மருத்துவமனையில் மார்ச் மாதம் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நாலாம் நிலைச் சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பமே வாங்குவார்கள். வேலை கிடைத்தால், மூன்று வயதுக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவும் அவளும் ஒரே வீட்டில் வருஷம் முழுக்க இருக்கலாம். டிசம்பரில் தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"மனசுல நிக்கிற விஷயமா எழுது. அப்ப உருப்போடவே வேண்டாம், தானா வரும்," என்று சொன்னவன் லீச்சுவான். நூலகத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு மாதம், ஒரே மேஜையில் உட்கார்ந்து, அவள் எழுத, அவன் திருத்தினான். முதல் தடவை படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தான். பிறகு மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இவனோடு ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள்.

மதியம் பின்வாசல் நூடுல்ஸ் கடையில் அவன் காத்திருந்தான். வழக்கம்போலத் தன் கிண்ணத்து முட்டைப் பொரியலை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தான். மூன்று வருஷமாக அவன் இதை மறந்ததே இல்லை.

"குழுவுல போட்டியா?" என்றாள்.

அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. "பாத்துட்டியா. வகுப்பு ஆலோசகர் என் உயிரை எடுக்கறாரு. நம்ம வகுப்புல இன்னும் பதினெட்டுப் பேர் பாஸாகல. படிப்புப் பொறுப்பாளர்னு என்னை வச்சிருக்காங்க, ஏதாவது செய்னு சொன்னாரு. சிறந்த பட்டதாரிப் பட்டியல் வேற அவர் கையில இருக்கு. என்கிட்ட இருந்ததுல நல்ல கட்டுரை அதுதான்."

"உன்கிட்ட இருந்ததா?"

"நிங்நிங், உன் பேரு எங்கயும் இல்ல. ஊர் பேரும் எடுத்துட்டேன். அதுல பாதி வாக்கியம் நான் திருத்தினது. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினதுதானே."

"கடைசிப் பத்தி நான் எழுதல."

"அது நான் சேர்த்தது. திருத்தறவங்க ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம்தான் குடுப்பாங்க. கடைசி வரி இதமா இருந்தா ரெண்டு மார்க் கூட விழும்."

"நான் அவங்களைக் கட்டிக்கல, லீச்சுவான்."

"தெரியும். அதனாலதான் சேர்த்தேன்."

பக்கத்து மேஜையில் யாரோ மிளகாய் எண்ணெய் கேட்டார்கள். அவன் எட்டி எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்து, ஏதோ சின்னச் சண்டை முடிந்துவிட்டது என்பதுபோலச் சிரித்தான். கல்லூரியில் எல்லோருக்கும் பிடித்தவன். விடுதிக் காவல்கார அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுப்பவன். மற்றவர்களுக்குக் கொடுக்கக் கை நீளும்போது அது யாருடைய பொருள் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் அவனுக்கு இல்லை போலிருக்கிறது. மூன்று வருஷத்தில் அவள் இதைக் கவனிக்கவே இல்லை.

"இனிமே நான் அதை எழுத முடியாது," என்றாள்.

"ஏன்? தாராளமா எழுது. உன்னுதுதானே."

"நானூறு பேர் அதையே எழுதுவாங்க. நான் எழுதினா நான்தான் காப்பி அடிச்சவ. ஒரே மாதிரி இருந்தா சைபர் போட்டுடுவாங்கன்னு பெரியக்கா பயந்துக்கிட்டிருக்கா."

அவன் சாப்ஸ்டிக் குச்சிகள் கிண்ணத்தின் மேலேயே நின்றன. அவளும் அதே அரங்கில் உட்கார வேண்டியவள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. அதைத்தான் அவளால் அதிகம் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட, அந்த நேரத்தில் அவளை நினைத்துப் பார்த்ததாக ஆகியிருக்கும்.

"நாலு நாள் இருக்கு," என்றான் மெதுவாக. "வேற ஒண்ணு நான் எழுதித் தரேன். அதைவிட நல்லதா."

"யாரோட அம்மாவை வச்சு?"

அவள் முட்டைப் பொரியலை எடுத்து அவன் கிண்ணத்தில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்த நான்கு நாளும் அந்தக் கட்டுரை அவளை விடவில்லை. நூலக வரிசையில் நின்றால் முன்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். ஓட்டப் பாதையில் ஒரு பையன் கையை வீசிக்கொண்டு, மேடைப் பேச்சாளன் மாதிரி, "நான் அவளை நோக்கி ஓடினேன்" என்று முழங்கினான். அவன் நண்பன், "டேய், ஓடினது பொண்ணுடா, பொம்பளக் குரல்ல சொல்லு" என்றான். அறையில் தாவ்தாவ் ஜாக்கெட்டுக்குச் சிவப்புக்குப் பதில் பச்சை போட்டால் திருத்துபவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று யோசனை சொன்னாள். பெரியக்கா நீலம் எடுத்துக்கொண்டாள். "மூணாமவளே, உனக்கு என்ன நிறம்?" என்று கேட்டார்கள். வென்னிங் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அது என் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் இருவரும் வாயடைத்துப் போவார்கள், நல்லவர்கள்தான். ஆனால் 'என்ன அம்மாவோ' என்று சிரித்தவர்களிடம் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வினாத்தாள் வந்தது. முதல் பகுதியே கட்டுரை, அரை மணி நேரம். நீங்கள் நன்றி சொல்ல விரும்பும் ஒருவருக்குக் கடிதம் எழுதுக.

அரங்கில் ஒரு சின்னப் பெருமூச்சு பரவியது. அடுத்த கணமே பேனாக்கள் ஒன்றாகக் கிளம்பின. யோசிக்கிறவர்களின் பேனா இப்படிக் கிளம்பாது. இரண்டு வரிசை முன்னால் பெரியக்காவின் பேனா, தோள் குலுங்கக் குலுங்க, ஓடிக்கொண்டிருந்தது. வென்னிங்குக்கு அவர்கள் எந்த வரியில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரிந்தது. இப்போது பேருந்து நிற்கிறது. இப்போது அத்தையின் முதுகு. இப்போது ஜாக்கெட். இன்னும் சற்று நேரத்தில் எல்லோரும் அவள் அம்மாவை நோக்கி ஓடுவார்கள். அவள் ஒருநாளும் செய்யாததை, சிவப்பும் பச்சையும் நீலமுமாக, அத்தனை பேரும் செய்துவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவார்கள்.

எட்டு நிமிஷம் அவள் தாள் வெறுமையாக இருந்தது. வேறு யாருக்காவது நன்றி சொல்லலாம் என்று பார்த்தாள். ஆசிரியர், அத்தை, யாராவது. ஒரு வாக்கியமும் வரவில்லை. திருத்தித் தர ஆள் இல்லாமல் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான்.

அப்போதுதான் லீச்சுவானிடம் சொல்லாத ஒன்று அவளிடம் மிச்சம் இருப்பது நினைவுக்கு வந்தது. மறைக்க வேண்டும் என்று மறைத்ததில்லை. அது அவ்வளவு சின்ன விஷயம், கட்டுரைக்கு உதவாது என்று விட்டுவிட்டாள்.

முழங்கைக்குக் கீழேயே நின்றுபோன கையை அம்மா இழுத்து இழுத்துப் பார்த்தாள். நீளவில்லை. சுற்றிலும் அத்தை, மாமா, பக்கத்து வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையின் விலைச்சீட்டுகூடப் பிய்க்காத புது ஜாக்கெட். அதைப் பார்த்து அம்மா, யாரிடமோ குறை சொல்வதுபோல, "துணி சுருங்கிடுச்சு போல" என்றாள்.

வென்னிங் எழுதினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். அம்மா, நான் உன்னிடம் ஓடி வரவில்லை. நீ துணியைக் குறை சொன்னாய், என்னைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எனக்கு எல்லாமே பெரிதாக வாங்குகிறாய். நான் அதில் வளர்கிறேன். நன்றி. வினைச்சொற்களின் காலங்கள் சரியா என்று தெரியவில்லை. பதினோரு வரிதான் வந்தது. பார்த்து முடிப்பதற்குள் ஹெட்போன் மாட்டச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே லீச்சுவான் பால் தேநீரைச் சூடு ஆறாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "நம்ம கட்டுரைக்கு ஏத்த தலைப்பே வந்துச்சு பாத்தியா," என்றான். கண்ணெல்லாம் மின்னியது. "என்ன எழுதின?"

"அது உனக்கு எதுக்கு?" என்றாள் வென்னிங். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தேநீரை வாங்காமல் நடந்தாள். பின்னால் வருவான் என்று கொஞ்ச தூரம் வரை நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில், புத்தாண்டு முடிந்து, அவள் ஊரில் இருந்தபோது முடிவு வந்தது. அடுப்புக்கு மேலே புகையில் இறைச்சி தொங்கியது. அம்மா முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தை அவளோடு சேர்ந்து பார்த்தாள்.

நானூற்று முப்பத்தொன்று.

"போதுமா?" என்றாள் அம்மா.

"போதும்."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு எழுந்து, தேவையே இல்லாமல், அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

கைபேசி தொடர்ந்து அதிர்ந்தது. வகுப்புக் குழு. பதினெட்டில் பதினான்கு பேர் பாஸ். சைபர் வாங்கியவர் யாரும் இல்லை. ஆலோசகர் லீச்சுவானைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார். அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "எல்லாருக்கும் வாழ்த்து. முதல் நன்றி நம்ம அம்மாவுக்கு." அதன் கீழே வரிசையாகச் சிவப்பு ஜாக்கெட் படங்களும், விழுந்து விழுந்து சிரிக்கிற முகங்களும்.

'நம்ம' என்ற சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு குழுவிலிருந்து வெளியேறினாள். விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான்.

"யாரு, கூட்டாளிங்களா? என்ன சொல்றாங்க?"

"வாழ்த்துச் சொல்றாங்க."

"பரிச்சையில என்னதான் எழுதச் சொன்னாங்க, இந்தப் பாடு படுத்தறாங்களே."

"நன்றிக் கடிதம். உனக்குத்தான் எழுதினேன்."

அம்மா திகைத்துப்போனாள். வெட்கத்தில் கை தானாக மேல்துணியில் துடைத்துக்கொண்டது. "எனக்கா? என்னைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்ல என்ன இருக்கு."

"ஊருக்கெல்லாம் இல்லம்மா," என்றாள் வென்னிங். "திருத்தறவர் ஒருத்தருக்குத்தான்."

அம்மா நம்பினாள். உள்ளே போய், வேலைக்குப் போட்டுக்கொள்ள என்று முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைத்திருந்த கம்பளிச் சட்டையை எடுத்து வந்து, அவள் தலைவழியே மாட்டிவிட்டாள். கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. அம்மா இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, எட்டி நின்று பார்த்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "துவைச்சா சுருங்கிடும்."