தூங்குமூஞ்சியின் ஏழாவது யோசனை

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு மத்தியானம்தான் சொந்த நேரம். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டு, பன்னிரண்டரைக்குச் சின்ன வகுப்புக் குட்டிகளை வீடு வீடாகச் சேர்த்துவிட்டால், மூன்றரை வரைக்கும் அவளை ஏன் என்று கேட்க ஆளில்லை. வேனை வாசலில் நிழல் பார்த்து நிறுத்துவாள். தன் அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்து போனை எடுப்பாள். போனில் அட்டை ஆட்டம்.

ஆட்டம் அவளுடையதல்ல, அண்ணனுடையது. அண்ணனுக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. போனால் நாலு மாதம். நடுக்கடலில் சிக்னலும் கிடையாது ஒன்றும் கிடையாது. அந்த ஆட்டத்திலோ வாரம் மூன்று ஆட்டமாவது ஆடாவிட்டால் தரவரிசை சரிந்துவிடுமாம். 'கப்பல்கரடி' என்ற பெயரில் ஐந்து வருஷமாகக் கஷ்டப்பட்டு ஏறிய இடம். அதனால் கிளம்புகிற அன்றைக்குக் கணக்கைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டுப் போனான். பெண்டாட்டியிடம் ஏன் கொடுக்கவில்லை என்றால், அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது என்பது அவன் முடிவு. அவளைக் கேட்டானா என்றால், கேட்கவில்லை.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு முப்பது அட்டை கொண்ட கட்டு. முறை வைத்து இறக்குகிற அட்டைகள் களத்தில் ஆட்களாக நிற்கும், அவர்களை வைத்து எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். கோட்டைக்கு முப்பது உயிர், பூஜ்யம் ஆனால் தீர்ந்தது கதை. ஆனாலும் முதல் வாரம் வேன்காரி ஆடியதெல்லாம் தோல்வி. பிறகுதான் அண்ணனுடைய குழுவில் 'தூங்குமூஞ்சி' என்று ஒருவர் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு யோசனைகள் கண்ணில் பட்டன.

முதல் யோசனை, ஆரம்பக் கையில் கனமான அட்டை வந்தால் ஆசைப்படாதே, திருப்பிக் கொடு. மூன்றாவது, எதிராளியின் களத்தைப் பார்க்காதே, கையைப் பார். கையில் அட்டை தீர்ந்தவன் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் பாதி தோற்றவன். ஐந்தாவது, உன் கட்டுக்கு ஒத்துவராத அட்டையைக் கட்டிக்கொண்டு அழாதே, உருக்கித் தூளாக்கு, தூளை வைத்து நல்ல அட்டை செய். ஏழாவது, புயல் அட்டை கட்டுக்கு ஒன்றுதான், அவசரப்பட்டு வீசாதே. எதிரே நாலு பேர் நிற்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திரு, வீசினால் நாலும் போகும்.

வேன்காரி இதை மனப்பாடம் செய்தாள். ஜெயிக்கவும் ஆரம்பித்தாள். நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள், பதில் வந்தது, அப்படியே பேச்சு வளர்ந்தது. எழுத்தின் தோரணையைப் பார்த்து யாரோ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனுஷர் என்று தானாகவே நினைத்துக்கொண்டு 'சார், சார்' என்று எழுதினாள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் அவரிடம் சொல்லாத விஷயமில்லை. எந்தப் பிள்ளை வேனில் வாந்தி எடுத்தது, எந்த அம்மா தினமும் பத்து நிமிஷம் தாமதம், கல்யாணம் எப்போது என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு என்ன பதில் சொன்னாள், எல்லாம் போனது. சாருக்கு நக்கல் ஜாஸ்தி. படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் திங்கட்கிழமை அந்த வேலையைச் செய்தாள்.

அண்ணன் சில அட்டைகளின் மேல் சின்னதாகப் பூட்டு அடையாளம் போட்டு வைத்திருந்தான். பூட்டியிருந்தால் ஆட முடியாது போலிருக்கிறது என்று இவளே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாக எல்லாப் பூட்டையும் திறந்துவிட்டாள். பிறகு ஐந்தாவது யோசனை ஞாபகம் வந்தது. 'உபயோகமில்லாததை எல்லாம் உருக்கு' என்று ஒரு பொத்தான். அமுக்கினாள். பதினாலு அட்டை தூளாகிப் போயின. அட்டை தவறி உருகிவிடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு என்று அப்புறம்தான் புரிந்தது. போன பிறகு பட்டியலைப் பார்த்தால், அதில் விளக்குக்காரன் இருந்தான்.

விளக்குக்காரன் ஒரு சோப்ளாங்கி அட்டை. அடித்தால் எதிராளிக்கு வலிக்காது, ஊதினால் விழுந்துவிடுவான். ஆனால் அண்ணன் கால் உடைந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவன், முதல்முதலாக ஒரு ஆட்டம் ஜெயித்துச் சத்தம் போட்டுச் சிரித்தது அந்த அட்டையை வைத்து. அந்தச் சிரிப்பை இவளும் கேட்டிருக்கிறாள். "எதை வேணும்னா செய், விளக்குக்காரனை மட்டும் தொடாதே" என்று வாசல்படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினான். அந்த அட்டை இப்போது வெளியிடப்படுவதும் இல்லை. தூளை வைத்துச் செய்யவும் முடியாது.

வேன்காரி விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது. சிக்னல் கிடைத்ததும் அண்ணன் முதலில் திறக்கப்போவது அந்த ஆட்டத்தைத்தான்.

இரண்டு நாள் பேய்முழி முழித்தாள். ஒரு நிறுத்தத்தையே மறந்து தாண்டிப்போய், பின்னாலிருந்து பிள்ளைகள் கத்தின பிறகு வண்டியைத் திருப்பினாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டினால் ஆகாது என்று புதன்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பூட்டைத் திறந்ததையும் மறைக்கவில்லை. கடைசியில் இதையும் எழுதினாள்: "அண்ணன் ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடும் சார். எங்க அண்ணிதான் பயம். எது உடைஞ்சாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது போல."

உடனுக்குடன் பதில் போடுகிற மனுஷர், அன்றைக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். வந்த பதிலில் நக்கல் எதுவும் இல்லை. தன்னிடம் ஒரு விளக்குக்காரன் இருக்கிறான் என்று எழுதியிருந்தார். ஆனால் இந்த ஆட்டத்தில் அட்டையை யாரும் யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. ஆளுக்கு ஒரு பழைய, வெளியீடு நின்றுபோன அட்டையைப் பணயம் வைத்து மூன்று ஆட்டம் ஆடி, இரண்டு ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே தோற்றால் ஆட்டம் செல்லாது, இரண்டு பேர் கணக்கும் முடங்கிவிடும். அதனால் விட்டுக்கொடுக்க வழியில்லை, நிஜமாக ஜெயித்தால்தான் உண்டு, நாளை மத்தியானம் வா.

வேன்காரி பணயமாக வைக்க அண்ணனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு பழைய அட்டை. ஒன்றைத் தொலைத்தாயிற்று, தோற்றால் இதுவும் போகும். போதாக்குறைக்கு இத்தனை நாளில் சாரிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. வேறு வழியும் இல்லை.

வியாழக்கிழமை ஒரு மணிக்குக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த அறையில் அண்ணி பல்செட்டு செய்கிற வேலை பார்ப்பாள்; நாலைந்து பல் ஆஸ்பத்திரிகளிலிருந்து அச்சு வரும், நாள் முழுக்க அந்த ராவுகிற மோட்டார் ஙொய் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஏனோ சத்தமில்லை. அண்ணி கண் அயர்ந்துவிட்டாள் போல, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் ஆட்டம் தோல்வி. பன்னிரண்டு யோசனையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்துத்தான் தோற்றாள். எழுதினவருக்கே அதைத் திருப்பிக் காட்டினால் வேறென்ன நடக்கும். இரண்டாவதில் சார் கைக்குக் கனமான அட்டைகளாகவே வந்து மாட்டிக்கொண்டன, இவள் தப்பித்தாள். அது அதிர்ஷ்டம், திறமை இல்லை என்று அவளுக்கே தெரியும்.

மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இவள் கோட்டை ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. புயல் கையில் இருக்கிறது, ஏழாவது யோசனைப்படி நாலு பேருக்காகக் காத்திருக்கிறாள். எதிரே மூன்று பேர். ஒருவனை இவள் அடித்தால் அவர் ஒருவனை இறக்குவார், மறுபடி மூன்று. வியர்த்து வழிய அடுத்த அட்டையைத் தொடப் போனவள், கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் கையில் அட்டை நிறைய இருந்தது. இறக்கலாம், இறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார். முதல் ஆட்டத்தை யோசித்துப் பார்த்தாள், அதிலும் மூன்றுதான். இத்தனை நாள் தோற்ற ஆட்டங்களிலும் மூன்றுதான். அட, இந்த மனுஷன் என்னை நாலுக்காகக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தான் நாலாவதை இறக்காமலே காலத்தை ஓட்டுகிறாரே. நான் காத்துக் காத்துச் செத்துப்போவேன், புயல் கையிலேயே கிடக்கும்.

வேனிலும் அவளுக்கு இது நடந்ததுண்டு. நாலு பிள்ளையும் வரட்டும் என்று ஒரு வாசலில் நின்றால் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். மூன்று வந்தால் மூன்றோடு கிளம்ப வேண்டியதுதான். புயலை எடுத்து வீசினாள்.

மூன்று பேரும் ஒரேயடியாகப் போனார்கள். எதிர்ப்பக்கம் களம் காலி. சார் ரொம்ப நேரம் யோசித்தார், இருந்ததையெல்லாம் வரிசையாக இறக்கிப் பார்த்தார், ஆனால் பிடி நழுவிவிட்டது. நாலே சுற்றில் கோட்டை பூஜ்யத்துக்கு வந்தது. திரையில் விளக்குக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. கூடவே ஒரு குரல்.

"சே, மூணுக்கே போட்டுட்டாளே."

வேன்காரிக்கு முதலில் உறைக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். அப்புறம்தான் யோசனை ஓடியது. மூணுக்கே புயலைப் போட்டது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் சாருக்கும். எழுந்து அடுத்த அறை வாசலுக்குப் போனாள்.

அண்ணி வேலை மேசையில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டர் தாடை ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எடுத்து ஒளிக்கப் பார்த்து, இனி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

"அண்ணி, நீங்கதான் சாரா?"

"நான்தான்."

மூன்று மாதமாக எழுதியதெல்லாம், நேற்றைக்கு அண்ணியைப் பற்றி எழுதியது உட்பட, வரிசையாக ஞாபகம் வந்து வேன்காரிக்குக் காதுமடல் வரை சூடேறியது. என்ன கேட்பது என்று தெரியாமல், விட்டுக்கொடுத்தீர்களா என்று கேட்டாள். அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விட்டுக்கொடுக்கவும் இல்லை ஒன்றும் இல்லை, நிஜமாகவே தோற்றேன், அதுதான் எரிச்சலாக இருக்கிறது என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான், ஊருக்கெல்லாம் ஏழாவது யோசனை சொன்னதற்கு எனக்கு வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கப்பல்கரடி கணக்கு இவள் கையில் இருப்பது அண்ணிக்கு முதல் நாளே தெரியும். புருஷனுடைய கணக்கு தெரியாமலா இருக்கும். அவனை எதிர்த்து ஆடத்தான் இரண்டு வருஷம் முன்னால் யாருக்கும் சொல்லாமல் அந்தக் குழுவில் சேர்ந்தாளாம்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அண்ணி சொல்லலை?"

அண்ணி விரலில் ஒட்டியிருந்த மெழுகை உரித்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா நீ பேசுறதை நிறுத்தியிருப்பே. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. நீ என்கிட்ட வாய்விட்டுப் பேசினது இந்த மூணு மாசம்தான். அதுவும் என்னை சார்னு கூப்பிட்டு."

வேன்காரி கதவை விட்டு ஒரு அடி உள்ளே வந்தாள். அண்ணி தொடர்ந்தாள்.

"உன்னைக் கண்டா எனக்கு ஆகாதுன்னு எழுதியிருந்தே. எனக்கு டக்குனு பேச வராதும்மா. என்ன சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள நீ நகர்ந்து போயிடுறே. அதைத்தான் நீ பார்வைங்கிறே."

வேன்காரிக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. போய் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக அந்த அறைக்குள் அவள் உட்கார்ந்ததே இல்லை. மன்னிச்சிடுங்க அண்ணி என்றாள். அதெல்லாம் கிடக்கட்டும், மூன்றுக்கே போடலாம் என்று எப்படித் தோன்றியது, அதைச் சொல் என்றாள் அண்ணி. மூன்றரை மணிக்கு வேன் எடுக்க வேண்டும் என்கிற ஞாபகமே மூன்று இருபத்தைந்துக்குத்தான் வந்தது.

மறுநாள் அண்ணன் கூப்பிட்டான். விளக்குக்காரன் பத்திரமா என்று கேட்டான். பத்திரம் என்று சொல்லி முடித்திருக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் இந்த வாரம் பட்டது போதும் என்று வேன்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பூட்டு, பொத்தான், பதினாலு அட்டை, பணயம்.

"யாருகிட்ட ஜெயிச்சே?"

"தூங்குமூஞ்சிகிட்ட."

"நிஜமாவா? ரெண்டு வருஷமா அந்த ஆளை ஒரு ஆட்டம் ஜெயிக்க நான் தலைகீழா நிக்கிறேன். நீ எப்படிம்மா ஜெயிச்சே?" விளக்குக்காரன் உருகின கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொல்லித்தரணும் என்று கெஞ்சினான். அந்த ஆளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறதாம்.

பக்கத்தில் அண்ணி வேலை ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினாள்.

"அப்படிச் சொல்லாதேண்ணா. நல்ல மனசு. பழகிப் பாத்தாத்தான் தெரியுது," என்று சொல்லிவிட்டு வேன்காரி போனை அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாங்கி, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.