எந்த வீட்டுக்காரர்?

"உங்க வீட்டு ஓனர் உங்களுக்கு என்ன வேணும்?"

விசா விண்ணப்பம் எழுதிக்கொடுப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டபோது தையல்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கீழ்வீட்டு ஓனர் முட்டிவலிக்காரர். தண்ணீர் மோட்டார் போடுமுன் மாடியைப் பார்த்து "அம்மா, பக்கெட் வைம்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். அவர் நமக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். நம்மிடமிருந்து அவருக்குத்தான் வாடகை வேண்டும்.

"ஒண்ணும் வேணாங்க. ஏன் கேக்கறீங்க?"

"தூதரகத்துலேர்ந்து கேட்டிருக்காங்க. உங்க அக்கா குடுத்த சாட்சிக் கடிதத்துல இருக்குதே. உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஓனர் பக்கத்துலயே உக்காந்து ஊட்டி விட்டாராம், தலை துவட்டி விட்டாராம். ஓனர் மேல உங்களுக்கு உசுராம்."

கூட வந்திருந்த அக்கா "அய்யய்யோ" என்று வாயில் கை வைத்தாள். "நான் வீட்டுக்காரர்னுதானே எழுதுனேன்!"

தமிழில் அக்கா நன்றாகத்தான் எழுதியிருந்தாள். என் தங்கச்சியோட வீட்டுக்காரர் அவளைக் கண்ணுக்குள்ள வச்சிப் பாத்துக்கிட்டாரு என்று. மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ, வீட்டுக்காரர் என்றால் வீட்டை வாடகைக்கு விட்டவர்தானே என்று நினைத்து, அக்கா எழுதிய இடத்திலெல்லாம் ஓனரை உட்கார வைத்துவிட்டார். தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. முட்டிவலி மனிதர் மாடியேறி வந்து தலை துவட்டுவதை நினைத்தாலே வந்தது. விண்ணப்பக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது மட்டும்னா திருத்திக் குடுத்துடலாம். நானும் படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். ஆனா அங்க உங்க கணவரையும் கூப்பிட்டு, வீட்டு ஓனரைத் தெரியுமான்னு கேட்டிருக்காங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? நல்லாத் தெரியும், தங்கமான மனுஷன், அவரு இருக்கற தைரியத்துலதான் பொண்டாட்டியத் தனியா விட்டுட்டு வந்தேன்னு சொல்லியிருக்காரு."

சிரிப்பு அப்படியே நின்றது. கல்யாணமே பொய்யோ என்று சந்தேகம், நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னது காதில் பாதிதான் விழுந்தது.

அவளுக்கும் புருஷனுக்கும் இது இரண்டாவது கல்யாணம். ஊர் வாய்க்குப் பயந்து பதிவு அலுவலகத்தோடு முடித்துக்கொண்டார்கள். அக்காதான் சாட்சி, அக்கா புருஷன்தான் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது சேர்ந்திருக்கும் படங்கள் கொடு என்றால் எங்கே போவாள்? இருக்கிற படங்களில் எல்லாம் அவள் மட்டும்தான் நிற்கிறாள், எடுத்தது அவள் புருஷன். ஒன்றில் அவருடைய கட்டைவிரல் மூலையில் வந்திருக்கிறது. அதையும் சேர்த்து வைத்தாள்.

பேச்சும் கெட்டுப்போயிற்று. எல்லாச் செய்தியையும் பத்திரமாக வையுங்கள், அதிகாரிகள் படிப்பார்கள் என்று விண்ணப்பக்காரர் சொன்ன நாளிலிருந்து, ரொட்டித் தொழிற்சாலையில் மூட்டை இறக்கும் அவள் புருஷன் பள்ளிக்கூடக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். 'அன்புள்ள மனைவிக்கு, நலமா? இங்கு நான் நலம்.' போனில் பேசும்போதும் 'நீங்க, வாங்க'தான். அவளை டி போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் இருந்தது இரண்டே பேர், அக்காவும் அவரும். இப்போது அக்கா மட்டும்தான். கல்யாணம் நிஜம் என்று காட்டப் போய் நிஜமே பொய் மாதிரி ஆகிவிட்டதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை மறுத்துவிட்டால் அந்த மறுப்பு எந்த விண்ணப்பம் போட்டாலும் கூடவே வருமாம். அவர் அங்கேயே, அவள் இங்கேயே, எத்தனை காலமோ.

நேர்காணல் அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, திறக்க முடியாத ஜன்னல். அதிகாரியம்மா அதட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் சின்ன வயதுப் பெண். தமிழ்முகம்தான், ஆனால் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தையல்காரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். வீட்டுக்காரர் என்றால் புருஷன். வீட்டு ஓனரையும் சிலர் அப்படிச் சொல்வார்கள். அக்கா சொன்னது புருஷனை. புருஷன் சொன்னது ஓனரை. சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது இட்டுக்கட்டியது போலக் கேட்டது.

"உங்க போன்ல அவரு பேரு எப்படி இருக்கு?" என்று கேட்கச் சொன்னார் அதிகாரியம்மா.

அவள் காட்டினாள். காட்டிய பிறகுதான் கவனித்தாள். 'வீட்டுக்காரர்' என்று ஒன்று. அதற்குக் கீழே 'வீட்டுக்காரர்' என்று இன்னொன்று. முதலாவது அவள் போட்டது. இரண்டாவது, குடிவந்த புதிதில் ஓனர் நம்பரைப் புருஷன் அவள் போனில் போட்டுக்கொடுத்தது.

அதிகாரியம்மா இரண்டையும் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"இப்பவே உங்க கணவருக்குப் போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல. இங்க இருக்கோம்னு சொல்லக் கூடாது."

மேலே இருப்பது மாடிவீட்டுக்காரர், கீழே இருப்பது கீழ்வீட்டுக்காரர். அப்படித்தான் இத்தனை நாளும் ஞாபகம். இன்று அதுவும் சந்தேகமாக இருந்தது. கடவுளே என்று மேலே இருந்ததை அழுத்தி, போனை மேசைமேல் வைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வேலையில் இருக்கும் நேரம். எடுக்க மாட்டார். எடுத்தாலும் 'நலமா' என்பார். அந்த 'நலமா'வைக் கேட்டால் யார்தான் நம்புவார்கள்? பேசாமல் கட் ஆகிவிடட்டும் என்றுகூட நினைத்தாள்.

திடீரென்று அறை முழுக்க இயந்திரச் சத்தம். அதற்கு மேலே ஒரு குரல், மூச்சு வாங்க.

"ஏன்டி, இந்நேரத்துல கூப்பிடற? உடம்புக்கு ஏதாச்சுமா? சாப்பிட்டியாடி?"

அவளுக்குக் கண் தானாக நிறைந்தது.

மொழிபெயர்ப்பாளப் பெண் மெதுவாக, தெளிவாக, ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள். அதிகாரியம்மா சின்னதாக ஏதோ எழுதினார். அவ்வளவுதான். அதிகாரியம்மாவின் மொழியில் நாலு வார்த்தைதான் தையல்காரிக்குத் தெரியும், ஆனால் எது விட்டுப்போயிற்று என்று நன்றாகத் தெரிந்தது.

"டி போட்டாருங்க," என்றாள். "அதையும் சொல்லுங்க."

அந்தப் பெண் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"யாருடி அது பக்கத்துல?" என்றது போன். "ஏன்டி பேச மாட்டேங்கற?"

எழுதுவதற்குத் தயாராக அதிகாரியம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. இரண்டு பெண்களும் அந்தச் சின்னப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.