ருக்சாந்தா எழுதச் சொன்ன பெயர்கள்

அந்தத் தவக்காலத்தில் கொழுத்தவை சவேத்தா வீட்டுக் கோழிகள் மட்டும்தான்.

புக்கோவினா மலையில் அந்தக் கிராமத்துக் கோயிலுக்குப் பலிபீட அப்பம் சுடுவது அவள் பொறுப்பு. கைம்பெண், ஒழுக்கமானவள் என்று பாதிரியாரே பார்த்து ஒப்படைத்த வேலை. மாவு பிசையும்போது பேசக்கூடாது. மனம் ஜெபத்தை விட்டு அலையக்கூடாது. அலைந்தால் அந்த மாவு கோயிலுக்கு ஆகாது. இந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து இரண்டு தடவை பிசைந்து, இரண்டையும் கோழிகளுக்குப் போட்டாயிற்று.

அலைக்கழித்தவன் இலாரியோன், வனக்காவலன். அவன் மனைவி ருக்சாந்தா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போய் மூன்று வருடமாகிறது. சவேத்தாவுக்கு அவன் விறகு கொண்டுவந்து போடுவான், கூரை ஒழுகினால் ஏறுவான், கேட்காமலே கோடாரியைத் தீட்டிக் கொடுப்பான். தப்பாக இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது, அதுதான் வினை.

அன்று காலையும் விறகை இறக்கிவிட்டு வேலியோரம் நின்றான்.

"கோழியெல்லாம் நல்லா கொழுத்திருக்கே."

"எல்லாம் உங்க புண்ணியத்துலதான்."

அவனுக்கு அது விளங்கவில்லை. குரலைத் தாழ்த்தினான். "மத்தியானம் ஊரே கல்லறைக்குப் போயிடும், செத்தவங்களுக்கு ஜெபம் பண்ண. நான் வரேன். கதவைத் தாழ் போடாத."

அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் போனபிறகு வெளிக்கதவுத் தாழைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். மாவில் கை வைத்தால் ஜெபத்தின் நடுவில் அவன் தோள் வந்து நின்றது. சனியன், நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே வைதுகொண்டாள். பிறகு போய்த் தாழை எடுத்துவிட்டு வந்தாள்.

அப்போது போனில் ருக்சாந்தா பேசி அனுப்பிய குரல்பதிவு வந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு என் பேர்ல ஒரு அப்பம் குடுத்துடு. பேரெல்லாம் எழுதிக்கோ. மொதல்ல அவரு. தூக்கமே வரலைங்கறாரு, பாவம். அப்புறம் புள்ளைங்க ரெண்டும். கடைசில உன் பேரையும் போட்டுக்கோ. உனக்குன்னு எழுத அங்க யாரு இருக்கா."

அப்பத்தோடு போகும் சீட்டு அது. பாதிரியார் ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்கு அப்பம் வெட்டிப் பலிபீடத்தில் வைப்பார். சவேத்தா எழுதினாள். இலாரியோன், பிள்ளைகள், சவேத்தா. எழுதி முடித்துப் பார்த்தால் ருக்சாந்தாவின் பெயர் இல்லை. ஊருக்கெல்லாம் ஜெபம் கேட்டவள் தன்னை மறந்துவிட்டாள்.

சீட்டில் நாலு பேரும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். அப்படியே விட்டுவிடலாம், அவள் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெட்கமில்லாமல் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு பென்சிலை எடுத்து, இலாரியோனுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ருக்சாந்தா என்று நெருக்கி எழுதினாள். எழுந்து போய்த் தாழைப் போட்டாள்.

மத்தியானம் அவன் தட்டினான்.

"தொற. நான்தான்."

"தெரியுது."

"யாருமில்ல சவேத்தா. ஆண்டவருக்கு உன் தாழ்ப்பாளைக் காவல் காக்கறதுதான் வேலையா?"

"இல்ல. அது என் வேலை."

"என்மேல ஆசையில்லைன்னு சொல்லு, போயிடறேன்."

பொய் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். "இருக்கு," என்றாள். "அதனாலதான் தொறக்கல."

அவன் போகவில்லை. பலகைக்கு அந்தப்பக்கம் அவன் மூச்சு கேட்டது. அவள் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றாள். மனப்பாடமான ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, இன்னொரு தடவை அவரைத் தட்டவிடாத," என்று முணுமுணுத்தாள். "தட்டினா தொறந்துடுவேன்."

அவன் தட்டவில்லை. பூட்ஸ் சத்தம் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

கேட்டது கிடைத்துவிட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு ஆண்டவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்; திட்டிக்கொண்டே கீழ்த்தாழையும் போட்டாள்.